சாயம் இல்லாத பச்சை

என் மேசை இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு சிறகு. மூன்று வருடங்களுக்கு முன்பு, இலங்கை மலைநாட்டின் புசல்லாவைப் பக்கம் எங்கள் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையில், ஒரு சிலந்தி வலையில் தொங்கிக்கொண்டிருந்ததை எடுத்து வைத்தேன். சிலந்தி உடலைத் தின்றுவிட்டுச் சிறகை விட்டுவைத்திருந்தது. நீளம் மூன்றரை சென்ரிமீற்றர் இருக்கும். வெளிச்சத்தில் வைத்தால் அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பளபளவென்று மரகதப் பச்சை, நுனிப் பங்கு கறுப்பு. திருப்பிப் போட்டால் பச்சையே இல்லை. செம்பு கலந்த பழுப்பு, அவ்வளவுதான்.

தங்கச்சி மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது இதைக் காட்டினேன். நாலைந்து தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கே?" என்றாள். அவள் கேட்டது சரியான கேள்வி. பதிலைக் கேட்டதும் நம்பவில்லை. அந்தச் சிறகில் பச்சைச் சாயம் ஒரு துளிகூட இல்லை.

முதலில் சிறகின் சொந்தக்காரரைச் சொல்லிவிடுகிறேன். நாம் தட்டான், தும்பி என்று சொல்லும் பூச்சிகளில் இரண்டு பெரிய பிரிவு உண்டு. உட்காரும்போதும் சிறகை இரு பக்கமும் விரித்தே வைத்திருக்கும் கட்டையான உடம்புக்காரர்கள் தட்டான்கள். ஈர்க்குச்சி போல மெலிந்த உடம்போடு, பெரும்பாலும் சிறகை முதுகுக்கு மேலே கூப்பி வைத்திருப்பவை ஊசித்தட்டான்கள். கண்ணைப் பார்த்தாலும் தெரியும். ஊசித்தட்டானின் இரண்டு கண்ணும் ஒன்றையொன்று தொடாமல், தலையின் இரண்டு ஓரத்தில் இரண்டு மணி கட்டிவிட்டது போல விலகி இருக்கும். இலங்கையில் இரண்டு பிரிவும் சேர்த்து 130க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை.

என் தீப்பெட்டிக்குள் இருப்பது அந்த அரிய பாதியைச் சேர்ந்ததல்ல. பாகிஸ்தானின் வடக்கிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகத் தென்சீனம், மலேசியா வரை ஓடும் தண்ணீர் உள்ள இடங்களில் பரவி வாழும் இனம் இது. விஞ்ஞானப் பெயர் நியூரோபேசிஸ் சைனென்சிஸ். ஆங்கிலத்தில் ஓரியண்டல் கிரீன்விங் என்கிறார்கள். நான் பச்சைச்சிறகு ஊசித்தட்டான் என்று சொல்லி வருகிறேன். பெயரில் உள்ள சைனென்சிஸ் என்பதற்குச் சீனத்துக்குரியது என்று பொருள். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வைத்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1753இல், தேயிலைச் செடிக்கு அதே பொருளில் சினென்சிஸ் என்று பின்பெயர் வைத்தவரும் அவரேதான். ஆக, எங்கள் மலையில் கொழுந்துக்கும் கீழே ஓடையில் பறக்கும் பூச்சிக்கும் ஒரே ஊரின் பெயர். தேயிலை இங்கே தோட்டப் பயிராக வந்தது 1867இல். பூச்சி அதற்கு எவ்வளவோ காலம் முன்பே இந்த ஓடைகளில் இருந்திருக்கிறது.

இதைப் பார்க்க வேண்டுமானால் காலை பத்து மணிக்கு மேல் போக வேண்டும். எங்கள் பக்கம் மழை ஓய்ந்து வெயில் காயும் தை, மாசி மாதங்கள் நல்லது. பீலியிலிருந்து விழும் தண்ணீர் சேர்ந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சலசலவென்று போகிற இடத்தில், வெயில் படும் கல்லொன்றைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. கல்லில் ஒரு காய்ந்த குச்சி ஒட்டியிருப்பது போலத்தான் இருக்கும். திடீரென்று அந்தக் குச்சி சிறகை விரிக்கும். ஒரு கணம் பச்சை பளிச்சென்று அடித்துவிட்டு மூடிக்கொள்ளும். மறுபடி குச்சி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பச்சை.

மூடும்போது மறைகிறது, விரிக்கும்போது தெரிகிறது என்பதற்குக் காரணம் எளிது. ஆணுக்கு முன்சிறகு இரண்டும் கண்ணாடி போலத் தெளிவானவை. பின்சிறகு இரண்டும்தான் நிறமுள்ளவை, அவற்றிலும் மேல்பக்கம் மட்டும். முதுகுக்கு மேலே கூப்பிவிட்டால் இரண்டு மேல்பக்கமும் உள்ளே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஒளிந்துவிடும். வெளியே தெரிவது பழுப்பான அடிப்பக்கம். புத்தகத்தை மூடினால் உள்ளே இருக்கும் படம் மறைவது போல.

பச்சை எங்கிருந்து வருகிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி. அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கொழுந்து ஏன் பச்சை? இலைக்குள் பச்சையம் இருக்கிறது. வெயிலில் உள்ள எல்லா நிறத்திலும் சிவப்பையும் நீலத்தையும் பச்சையம் விழுங்கிவிடுகிறது. விழுங்காமல் விட்ட பச்சை நம் கண்ணுக்கு வருகிறது. இது சாயத்தின் வேலை. ஆனால் சாயம் ஒரு இரசாயனப் பொருள், அது சிதைந்தால் நிறமும் போய்விடும். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொண்டுபோய் வாட்டி, அரைத்து, காற்றுப்பட வைத்தால் சில மணி நேரத்தில் கொழுந்து செம்பு நிறமாகிறது, அடுப்பில் காய்ந்து வரும்போது கறுத்துவிடுகிறது. இன்று பறித்த பச்சை நாளைக்கு இல்லை.

என் தீப்பெட்டிச் சிறகு மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. அதன் பச்சை சாயத்தால் வந்ததல்ல, அடுக்கி வைத்த விதத்தால் வந்தது.

மழை பெய்து ஓய்ந்த பிறகு ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்கு இந்த விஷயம் பாதி தெரிந்திருக்கும். பஸ்ஸிலிருந்து சொட்டிய டீசல், தார் ரோட்டில் தேங்கிய தண்ணீரின் மேல் பரவி வானவில் போல மினுங்கும். டீசலில் பச்சையோ நீலமோ இல்லை. அது மிக மெல்லிய படலமாகப் பரவியதுதான் காரணம். படலத்தின் மேல்முகத்தில் பட்டு ஒளியின் ஒரு பகுதி திரும்புகிறது. மீதி உள்ளே போய், அடிமுகத்தில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் மேலே வந்து சேரும்போது ஒன்று சற்றுப் பிந்தி வந்திருக்கும். எவ்வளவு பிந்தியது என்பதைப் பொறுத்துச் சில நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிவிடும், சில நிறங்கள் ஒன்றையொன்று அமுக்கிவிடும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குத் தலையீடு என்று பெயர்.

தப்பு அடிப்பதை நினைத்துக்கொண்டால் விளங்கும். பத்துப் பேர் வரிசையாக நின்று தப்பு அடிக்கிறார்கள். எல்லோருடைய குச்சியும் ஒரே கணத்தில் தோலில் பட்டால் சத்தம் அடுத்த மலை வரை போகும். ஆளாளுக்கு முன்னே பின்னே அடித்தால் இரைச்சல்தான் மிஞ்சும், தாளம் காணாமல் போகும். ஒளியும் அலைதான். ஒரு படலத்தில் திரும்பும் அலைகள் இரண்டு பேர் அடிக்கும் தப்பு. படலங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றிலிருந்தும் திரும்பும் பச்சை அலைகள் அடி சேர்ந்து வருமாறு தடிப்பை அமைத்துவிட்டால்? பச்சை மட்டும் மலை தாண்டும் சத்தம் போல ஓங்கி வரும்.

பச்சைச்சிறகின் பின்சிறகில் இருப்பது அதுதான். 2004இல் பிரித்தானியாவின் எக்செட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இனத்தின் சிறகைக் குறுக்காக வெட்டி இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். சிறகின் தோலுக்குள் இருண்ட படை, வெளிறிய படை, இருண்ட படை, வெளிறிய படை என்று மாறி மாறி அடுக்கியிருந்தது. நமது தலைமயிருக்குக் கறுப்பைக் கொடுக்கும் மெலனின் என்ற கருநிறமி இருண்ட படையில் இருக்கிறது. மெலனின் கூடிய படையில் ஒளி மெதுவாகப் போகும், குறைந்த படையில் சற்று வேகமாகப் போகும். இந்த வேக வித்தியாசம் உள்ள ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. தட்டான் சிறகுகளில் இப்படி உலோகம் போல மினுங்கும் நிறம் மிக மிக அபூர்வம். பெரும்பாலான தட்டான்களின் சிறகு வெறும் கண்ணாடிதான்.

அந்தப் படைகள் எவ்வளவு மெல்லியவை என்று நாமே கணக்குப் போடலாம். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 520 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். ஒரு பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகும் என்று சொல்லும் எண்ணுக்கு முறிவுச்சுட்டி என்று பெயர். பூச்சித் தோலுக்கு அது ஏறத்தாழ 1.6 என்று வைத்துக்கொண்டால், தோலுக்குள் அந்த அலை 325 நனோமீற்றராகச் சுருங்கும். அலைகள் அடி சேர்வதற்கு ஒவ்வொரு படையும் அதில் கால் பங்கு தடிப்பு இருக்க வேண்டும். அது சுமார் 80 நனோமீற்றர். தலைமயிர் ஒன்றை நீளவாக்கில் ஆயிரம் தகடாகச் சீவ முடிந்தால், ஒரு தகடு அந்தத் தடிப்பில் இருக்கும். அப்படிப்பட்ட படைகளை ஒரே சீராக, சிறகின் அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் வரை ஒரு பூச்சி தன் உடம்பிலிருந்தே இழைத்து வைத்திருக்கிறது. நான் எத்தனை தரம் யோசித்தாலும் இந்த இடத்தில் பிரமிப்பு குறைவதில்லை.

சரி, மெலனின் கறுப்பாயிற்றே, அது பச்சையைக் கெடுக்காதா? கெடுக்காது, காப்பாற்றுகிறது. டீசல் உதாரணத்துக்கே வருவோம். ஈரத் தார் ரோட்டில் வானவில் தெளிவாகத் தெரியும். அதே டீசல் வெள்ளைச் சீமெந்துத் தரையில் சிந்தினால் அவ்வளவு தெரியாது. வெள்ளைத் தரை எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்பி, படலத்தின் நிறத்தை வெளிறச் செய்துவிடும். கறுப்புத் தரை மீதி ஒளியை விழுங்கிவிடுவதால் படலம் அனுப்பிய நிறம் மட்டும் சுத்தமாக வரும். சிறகிலும் அப்படித்தான். அடுக்குக்குள் திரும்பாமல் நுழைந்துவிட்ட சிவப்பையும் மஞ்சளையும் மெலனின் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிறகை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஊடுருவிப் பார்த்தால் பச்சை தெரியாது, மெலனினின் பழுப்புதான் தெரியும். அடிப்பக்கத்திலும் நமக்குத் தெரிவது அந்தப் பழுப்பும் ஒரு செம்பு மினுக்கமும்தான்.

இரண்டு சின்னச் சோதனைகளை மருமகளோடு சேர்ந்து செய்தேன். முதலாவது, சிறகை மேசையில் வைத்து நேர் மேலிருந்து பார்த்தபடி மெல்ல மெல்லச் சாய்த்தோம். பச்சை கொஞ்சம் கொஞ்சமாக மயில்நீலமானது. சாயமாக இருந்தால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே நிறம்தான் இருக்க வேண்டும். ஒரு கொழுந்தைப் பக்கத்தில் வைத்துச் சாய்த்தபோது அது பச்சையாகவே இருந்தது. சாய்வாக வரும் ஒளியில், மேல் எல்லையிலிருந்து திரும்பும் அலைக்கும் கீழ் எல்லையிலிருந்து திரும்பும் அலைக்கும் இடையே உள்ள பிந்துதல் குறைந்துவிடுகிறது. பிந்துதல் குறைந்தால் குறுகிய அலைதான் அடி சேர முடியும். பச்சையை விடக் குறுகியது நீலம்.

இரண்டாவது, சிறகின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டோம். நிறம் மாறவில்லை. சில வண்ணத்துப்பூச்சிகளின் சிறகில் படைகளுக்கு நடுவே காற்று இருக்கும். அங்கே திரவம் புகுந்தால் நிறமே மாறிவிடும். பச்சைச்சிறகின் படைகள் தோலுக்குள் மூடி முத்திரையிட்டது போல இருக்கின்றன, நடுவே காற்று இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் வாழும் பூச்சிக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். நீல வளையம் போட்ட சின்ன ஊசித்தட்டான்களை வயல் ஓரத்திலும் குளக்கரையிலும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் நீலமும் பெரும்பாலும் சாயம் அல்ல. ஆனால் அது உயிருள்ள கலங்களுக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. பூச்சி செத்து, கலம் அழுகினால் ஓரிரு நாளில் நீலம் கறுத்துவிடும். பச்சைச்சிறகின் அடுக்கு அப்படியல்ல. அது உயிரற்ற, இறுகிய தோலில் இருக்கிறது. அதனால்தான் தீப்பெட்டிக்குள் மூன்று வருடம் தாங்குகிறது. அருங்காட்சியகங்களில் இன்னும் நெடுங்காலம் தாங்கும்.

இத்தனை பாடுபட்டுக் கட்டிய பச்சை யாருக்காக? பெண்ணுக்காகவும், போட்டிக்கு வரும் மற்ற ஆணுக்காகவும்.

ஆண் ஓடையில் ஒரு சின்னப் பகுதியைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் படும் கல், பக்கத்தில் தண்ணீருக்குள் தொங்கும் வேர் அல்லது செடி, இரண்டும் அதற்கு வேண்டும். பெண் முட்டையிட வருவது அந்த வேருக்குத்தான். இன்னொரு ஆண் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றிப் பறக்கும், ஒவ்வொரு சிறகடிப்பிலும் பச்சை தெறிக்கும். பெண் வந்தால் பறக்கும் முறையே மாறிவிடும். பின்சிறகு இரண்டையும் விரித்து அசையாமல் பிடித்துக்கொண்டு, முன்சிறகால் மட்டும் பறக்கும். தட்டான் இனத்துக்கு நான்கு சிறகும் தனித்தனித் தசைகளில் இயங்குவதால் இது முடிகிறது. பின்சிறகு அப்போது பறக்கும் உறுப்பாக இல்லாமல் காட்டும் கொடியாகிவிடுகிறது. சில சமயம் ஆண் தண்ணீர்மேல் இறங்கி, பின்சிறகை விரித்தபடி நீரோட்டத்தில் கொஞ்ச தூரம் மிதந்து போகும். தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பெண்ணுக்குக் காட்டுவது போல.

பெண் அப்படிப் பகட்டாக இருக்காது. சிறகு தேன் கலந்த கண்ணாடி போல மங்கிய மஞ்சள், பின்சிறகில் வெள்ளைப் பொட்டு. மேலேயிருந்து பார்த்தால் அந்தப் பொட்டுத்தான் அடையாளம்.

இணையும்போது நடப்பது கொஞ்சம் சிக்கலானது. ஆணுக்கு விந்து உண்டாகும் இடம் வயிற்றின் நுனிப் பக்கம், புணரும் உறுப்பு இருப்பதோ வயிற்றின் அடிப் பக்கம், நெஞ்சுக்குக் கிட்ட. அதனால் முதலில் தானே வயிற்றை வளைத்து விந்தை இடம் மாற்றி வைத்துக்கொள்ளும். பிறகு வால் நுனியில் உள்ள கொக்கிகளால் பெண்ணின் கழுத்துப் பகுதியைப் பிடிக்கும். பெண் தன் வயிற்றை முன்னே வளைத்துச் சேர்க்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரு சக்கரம் போல ஆகிவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்க இனம் ஒன்றை ஆராய்ந்த ஜொனதன் வாக், 1979இல் ஒரு விஷயத்தைக் காட்டினார். ஆண் தன் விந்தைச் செலுத்துவதற்கு முன், பெண்ணின் உடலில் ஏற்கெனவே இருக்கும் வேறு ஆணின் விந்தில் பெரும்பகுதியைச் சுரண்டி வெளியே எடுத்துவிடுகிறது. பூச்சிகளின் இனப்பெருக்கத்தைப் பற்றிய விஞ்ஞானிகளின் எண்ணத்தையே இந்தக் கண்டுபிடிப்பு மாற்றியது. இணைந்து முடித்த பிறகும் ஆண் ஏன் பெண்ணை விட்டுப் போகாமல் பக்கத்திலேயே காவல் நிற்கிறது என்பதும் அப்போது விளங்கியது. முட்டையிட்டு முடிப்பதற்குள் இன்னொரு ஆண் வந்தால் இதன் வேலையெல்லாம் வீண்.

பெண் வேரைப் பிடித்துக்கொண்டு, வால் நுனியில் உள்ள ஊசி போன்ற உறுப்பால் செடியின் சதையைக் குத்தி ஒவ்வொரு முட்டையாகச் செருகும். சில சமயம் அப்படியே வேர் வழியாகக் கீழே இறங்கி முழுதாகத் தண்ணீருக்குள் போய்விடும். சிறகிலும் உடம்பிலும் ஒட்டிய காற்று வெள்ளித் தகடு போல மினுங்கும். அந்தக் காற்றை வைத்துக்கொண்டு கீழே மூச்சு விட்டபடி வேலையைப் பார்க்கும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சைப் பார்த்தால் இது அந்தப் பச்சைச்சிறகின் பிள்ளை என்று யாரும் நம்ப மாட்டார்கள். நீண்ட கால்கள், காய்ந்த வேர்த்துண்டு போன்ற பழுப்பு உடம்பு, வாலில் மூன்று நீளமான தகடுகள். விஞ்ஞானப் பாடத்தில் இதை அணங்கு என்பார்கள். வேர்க்கற்றைக்குள்ளும் தேங்கிய இலைச்சருகுக்குள்ளும் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். முகத்துக்குக் கீழே மடித்து வைத்த ஒரு நீண்ட கை உண்டு, உண்மையில் அது கீழுதடு. புழுவோ சிறுபூச்சியோ கிட்ட வந்தால் கண் இமைப்பதற்குள் அது நீண்டு பிடித்து வாய்க்கு இழுத்துவிடும்.

வாலில் இருக்கும் தகடுகள் மூச்சு விட உதவுகின்றன. அவற்றுக்குள் மெல்லிய காற்றுக்குழாய்கள் ஓடுகின்றன. தண்ணீரில் கரைந்த ஒட்சிசன் தகட்டின் தோல் வழியாகக் குழாய்க்குள் வருகிறது. உடம்புத் தோல் வழியாகவும் கொஞ்சம் வரும். ஏதாவது மீன் கடித்துத் தகடு போய்விட்டால் உடனே சாகாது, தோலுரிக்கும்போது மறுபடி முளைக்கும். ஆனால் இப்படி மூச்சு விடுவதற்குத் தண்ணீரில் ஒட்சிசன் நிறைய இருக்க வேண்டும். கடல்மட்டத்துக் கணக்குப்படி 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30 பாகையில் ஏழரைதான். உயரம் கூடக் கூட இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே மலை ஓடைக்குப் பலம் குளிர்ச்சியும் கல்லில் அடிபட்டு நுரைப்பதும். மேலே மரநிழல் இருந்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கும். கல் இருந்தால் தண்ணீர் காற்றோடு கலக்கும்.

எங்கள் ஓடையில் ஒரு பக்கத்தைச் சில வருடங்களுக்கு முன் சீமெந்துச் சுவர் கட்டி நேராக்கினார்கள். கரை இடியாமல் இருக்கத்தான் கட்டினார்கள், அதன் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் சுவர் வந்த பிறகு அந்த இடத்தில் தண்ணீருக்குள் தொங்கும் வேர் ஒன்றுகூட இல்லை. வெயில் இருக்கிறது, தண்ணீர் ஓடுகிறது, பெண் முட்டை வைக்க இடம் இல்லை. அதனால் ஆணும் அந்த இடத்தைப் பிடிப்பதில்லை. மேட்டில் புல் செருக்கி வெறுமையான மண் மழையில் கரைந்து கான் வழியாக வரும்போது கல்லிடுக்குகள் அடைபடுகின்றன. மெல்லிய சேறு அணங்கின் வால் தகடுகளிலும் படிகிறது. சுவரிலிருந்து இருநூறு அடி மேலே, கரையில் இரண்டு பெரிய மரமும் பன்னமும் விட்டுவைத்த இடத்தில், ஒரே காலையில் நான்கு ஆண்களை எண்ணியிருக்கிறேன். அதே தண்ணீர்தான். சுவர் கட்டும்போதே இடையிடையே செடி வளர இடைவெளி விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம், இதை நான் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன்.

இந்தப் பூச்சி பரவலானது, எங்கள் சுவரால் அழிந்துவிடாது. ஆனால் அதே மாதிரி ஓடைகளில் இந்த நாட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லாதவையும் இருக்கின்றன. கறுத்த சிறகோடு நிழலில் பறக்கும் யூஃபீயா ஸ்பிளென்டென்ஸ் ஒன்று. காட்டு ஓடையோரத்தில் நூல் போல மெலிந்து, இருட்டில் அசையாமல் தொங்கும் சிலொனோஸ்டிக்டா வகைகள் இருபதுக்கும் மேல். எங்களிடமிருந்து மேலே போனால் வரும் இறம்பொடையின் கதை எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். ஜோன் நீட்னர் என்ற ஜெர்மன்காரர் அங்கே கோப்பித் தோட்டம் வைத்திருந்தார், கோப்பிச் செடியைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி எழுதியவர். எங்கள் பாட்டன் பூட்டன்மார் கோப்பிக்கு நடந்து வந்து சேர்ந்த காலம் அது. 1850களின் கடைசியில் அவர் இறம்பொடையில் பிடித்த ஒரு ஊசித்தட்டான் 1862இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. இப்போது அதன் பெயர் சிங்கலெஸ்டெஸ் ஒரியென்டாலிஸ். அவர் பிடித்த பிறகு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அதை யாரும் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே எண்ண வேண்டிய நிலை. 2012இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மறுபடி கண்ணில் பட்டது. கோப்பி போய், தேயிலை வந்து, காடெல்லாம் தேயிலை மலையாக மாறிய அத்தனை காலமும் அது எங்கோ ஒரு மூலையில் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

போன மாசியில் மருமகள் மறுபடி வந்தபோது, சுவருக்கு மேலே உள்ள இடத்துக்குக் கூட்டிப்போனேன். காலை ஒன்பது மணி இருக்கும். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, பன்னத் தண்டில் ஒரு அணங்கு ஏறி ஒட்டியிருந்தது. முதுகுத் தோல் பிளந்து, உள்ளிருந்து வெளிறிய உடம்பு பாதி வெளியே வந்திருந்தது. இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்தோம். தலை, கால், பிறகு வயிறு முழுதும் வெளியே வந்தது. சிறகுகள் ஈரத் துணியைப் பிழிந்து வைத்தது போலச் சுருங்கி இருந்தன. நரம்புகள் வழியாக உடற்திரவம் ஏற ஏற அவை மெல்ல நீண்டு தட்டையாகின. பின்சிறகைப் பார்த்ததும் ஆண் என்று தெரிந்தது.

"பச்சையைக் காணோமே மாமா" என்றாள் காதருகே.

இனிமேல்தான் வர வேண்டும் என்றேன். தோல் இறுக வேண்டும், மெலனின் படிய வேண்டும், படைகள் தத்தம் தடிப்புக்கு வர வேண்டும். அதற்குச் சில நாட்கள் போகும். அதுவரை புது ஆண் ஓடையில் நிற்காது, மேட்டுப் பக்கம் போய் இரை தின்று முதிரும். முதிர்ந்த பிறகுதான் கல்லைப் பிடிக்கத் தண்ணீருக்குத் திரும்பும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயில் பன்னத்தின் மேல் வந்தது. அது சிறகை இரண்டு தரம் நடுக்கி, எழுந்து, தேயிலைக்கு மேலே நிழல்மரங்கள் இருக்கும் பக்கமாகத் தடுமாறிப் பறந்து போனது. பின்சிறகு அப்போது மங்கிய பழுப்புதான். தண்டில் விட்டுப் போன தோலை மருமகள் பத்திரமாகக் கழற்றி, வாலில் மூன்று தகடும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.